உலர் எடை

செவ்வாய், வியாழன், சனி.
ஆரல்வாய்மொழியிலிருந்து ஆசாரிபள்ளத்துக்கு முதல் பஸ்.
மெஷினில் படுக்குமுன் எடை பார்ப்பார்கள்:
அறுபத்திரண்டு புள்ளி நாலு.
என் உலர் எடை ஐம்பத்தொன்பதரை.
மிச்சமெல்லாம் தண்ணீர்.
"எம்புட்டு வெள்ளம் குடிச்சீரு?"
ரெஜிலா சிஸ்டர் சார்ட்டிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்பாள்.

எங்கள் பக்கம் வெள்ளமென்றால் குடிக்கிற தண்ணீர்.
படுத்தால் மூச்சு முட்டி
கட்டில் விளிம்பில் விடியவிடிய உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான்
மற்ற ஊர்க்காரர்கள் சொல்லும் வெள்ளம்
எனக்குள் வந்தது.

நாளொன்றுக்கு எழுநூறு மில்லி.
ரசமும் அதில் அடக்கம்.
மாத்திரைக்கான மடக்கும்.

இரவில் காற்றாலை யார்டில் காவல்.
நாற்பத்தொன்றாம் நம்பர் கோபுரத்தடியில்
வேலியை ஒட்டி ஒரு சதுரக்கள்ளி.
மேற்கே இருந்து வரும் மேகம்
பேச்சிப்பாறைப் பக்கமே பையைக் கொட்டிவிட்டு
கணவாய் வழியாக
வெறுங்கையோடு எங்களைக் கடந்துபோகும்.
காற்றுக்கு மட்டும் குறைவில்லை.
ஈரத்துணியைக் கால்மணியில் பப்படமாக்கும் காற்று.
அதன் நடுவில்தான்
இலையெல்லாம் வீண்செலவு என்று உதிர்த்துவிட்டு
தண்டையே பச்சையாக்கி, மேலே மெழுகு பூசி
நிற்கிறது அது.

தூக்கத்தை ஓட்ட
மகளின் பிளஸ் டூ புத்தகத்தைப் புரட்டினேன்.
கள்ளி பகலெல்லாம் துளைகளை மூடிக்கொள்ளுமாம்.
இருட்டிய பிறகே திறந்து மூச்சை உள்ளே இழுத்து
புளிப்பாக்கி வைத்துக்கொள்ளுமாம், மறுநாள் வெயிலுக்கு.
அட, என்னைப் போல நைட் டியூட்டி.

ஐப்பசியில் மூன்று நாள் மழை.
நாலாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால்
ஒட்டிக் கிடந்த விலாக்கள் துருத்திபோல் விரிந்திருந்தன.
எனக்கும் கணுக்கால் விரிந்திருந்தது.
அழுத்தினால் விரல் பதிந்த குழி
நெடுநேரம் அப்படியே கிடக்கும்.
அதற்குச் சேமிப்பு. எனக்குத் தேக்கம்.
பொறாமையில்
நைலான் கயிற்றை இரண்டாக வெட்டி
முள்ளில் கை கிழிய அதன் இடுப்பில் ஒன்று கட்டினேன்,
என் காலில் ஒன்று.

தை, மாசி, பங்குனி.
என் கயிறு
திங்கள் இரவு இறுகும், செவ்வாய் இரவு தளரும்,
புதனுக்கு மறுபடி இறுகும்.
மெஷினுக்கும் எனக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கல்.
கள்ளியின் கயிறு அவசரப்படவில்லை.
சித்திரை பிறக்கையில்தான்
ஒரு விரல் நுழையும் அளவு தொய்ந்தது.
ஆறு மாதத்தில் அது செலவழித்தது
அவ்வளவுதான்.

நேற்று இரவு என் கணக்கில் ஐம்பது மில்லி மிச்சம்.
பாட்டிலோடு அதன் அடியில் போய் நின்றேன்.
மேலே இறக்கை சுற்றும் சத்தம்.
சாய்க்கப்போன கையை
ஏனோ நிறுத்தினேன்.
அது கேட்கவில்லை.
நாக்குதான் கேட்டது.

வாய்க்குள் சுழற்றிச் சுழற்றி
மெல்ல விழுங்கி,
நோட்டில் எழுதினேன்:
இரவு 2.10. வெள்ளம். 50.