பிடித்தம்

கம்பம்மெட்டு ஏற்றம், ஒன்பதாவது வளைவு.
கண்ணாடி மறுபடியும் வெளுத்துவிட்டது.
ஜீப்புக்குள் பதினாறு பேர்,
தார்ப்பாயை இறக்கிக் கட்டியிருக்கிறது.
பதினாறு பேர் மூச்சையும் பழைய பனியன் துணியால்
துடைத்துத் துடைத்து ஓட்டுகிறேன்.

மணி நாலே முக்கால்.
துடைத்த இடத்தில் தெரிந்தது அது,
மலைக்கு மேலே, லேசாகச் சிவந்து, மினுக்காமல்.

"அந்தா இருக்குல்ல, அங்கதான் குடியேறப் போறாகளாம்"
என்றாள் வீருசின்னு, போன் வெளிச்சத்தில் முகம் நீலமாக.
"இன்னும் முப்பது வருசத்துல பத்து லட்சம் பேராம்."

யாரும் வாய் திறக்கவில்லை.
தூக்குவாளி ஒன்று இன்னொன்றோடு இடித்தது.
பிறகு மொக்கத்தாய் கேட்டாள்:
"அங்கன நாள்கூலி எம்புட்டு?"

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.
"வண்டிக்கூலி யாரு குடுக்கிறது?
மழை வந்து வேலை நின்னா அரைநாளா, முழுநாளா?"
"அங்க மழையே இல்லையாம்க்கா."
"அப்பச் சரி. ஒருநாளும் லீவு இல்ல."

"மழை என்ன, காத்தே கெடையாதாம்."
"காத்து இல்லாம?"
"கம்பெனி குடுக்கும்."
"சும்மாவா குடுக்கும்?"

அதற்குப் பிறகு ஒச்சம்மாள் கணக்கைத் தொடங்கினாள்,
சனிக்கிழமை சம்பளச் சீட்டை வாசிக்கிற அதே குரலில்:
காற்றுக்குப் பிடித்தம், தண்ணிக்குப் பிடித்தம்,
போன ராக்கெட்டுக்கு மாசாமாசம் பிடித்தம்,
இருமினால் கூட ரெண்டு மூச்சு சேர்த்துப் பிடித்தம்.
"கடேசியில நம்மதான் அவனுக்குப் பாக்கி."

கியரை மாற்றினேன்.
போவார்களா என்று என்னைக் கேட்டால்,
போவார்கள்.
முதல் வண்டியில் கொடி நடுகிறவன்.
அவனுக்குப் பேர் இருக்கும், படம் இருக்கும்.
ரெண்டாவது வண்டியில் போகிறவர்களுக்குத் தலைக்கணக்கு.
நீளமாக ஒரு கொட்டடி, வரிசையாகக் கதவுகள்,
காலையில் பேரேடு, சாயங்காலம் எடை.
அந்த ரெண்டாவது வண்டியை ஓட்ட
என்னைப் போல ஒருத்தனைப் பிடிப்பார்கள்.

அங்கே ஒருத்தரும் இல்லை என்கிறார்கள்.
இருக்கலாம்.
இந்த மலையிலும் ஒருத்தரும் இல்லை என்றுதான்
துரைமார் எழுதிவைத்தார்களாம்,
மன்னான் குடிகளில் புகை எழுந்துகொண்டிருக்கும்போதே.

செக்போஸ்ட்.
டார்ச் வெளிச்சம் என் முகத்தில் விழுந்து
தார்ப்பாய் ஓட்டையில் நுழைந்தது.
"எத்தர பேர்?"
"பத்து, சாரே."
ஆறு பேர் கொஞ்ச நேரம் இல்லாமல் போனார்கள்.
யாரும் சொல்லித்தரவில்லை,
இந்த இடம் வந்தால் அவர்களே குறைந்துகொள்வார்கள்.
மடித்த நோட்டு கை மாறியது. கம்பு உயர்ந்தது.
இருமலை அடக்கியிருந்த யாரோ
கேரளாவுக்குள் வந்து இருமினார்கள்.

"நான் போவேன்."

குருவம்மா.
ஏறியதிலிருந்து அவள் பேசியதே அதுதான்.
"அம்புட்டுத் தூரமா? எதுக்குடி?"
"அங்கருந்து பார்த்தா கம்பம் தெரியாதுல்ல."

மொக்கத்தாய்கூட ஒன்றும் கேட்கவில்லை.
ஒச்சம்மாளின் கணக்கில்
இதற்கு வரி ஒன்றும் இல்லை.
நான் ரோட்டைப் பார்த்தேன்.
கண்ணாடி வெளுத்திருந்தது. துடைத்தேன்.

தோட்டத்து கேட்டில் இறங்கினார்கள்,
இடுப்பில் சாக்கு, காலில் பெரிய பூட்ஸ்,
தலையில் பிளாஸ்டிக் தாள்.
மூடுபனியில் ஒவ்வொருவராக ஏலச்செடிக்குள் நுழைந்ததைப் பார்த்தால்
வேறெங்கோ வந்து இறங்கியவர்கள் போலத்தான் இருந்தது.
ரைட்டர் பேர் வாசித்தார். குருவம்மா கை தூக்கினாள்.
வானத்தில் இப்போது வெளிச்சம் மட்டும்.

டீசல் போட அணக்கரை வரைக்கும் தனியாகப் போனேன்.
பழக்கத்தில் துணியைக் கையில் எடுத்துவிட்டேன்.
கண்ணாடி வெளுக்கவே இல்லை.
ஒருத்தன் மூச்சு போதாது போல.