இருபது கிலோ

எங்கள் லியெபாயாவில் டிராமுக்கு ஒரே பாதை.
இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன்.
போவேன், வருவேன்.
தேர்ந்தெடுத்துப் பழக்கமில்லை எனக்கு.

அதனால்தான் கேமரா கடையில்
மூன்று பெட்டிகளுக்கு முன்னால்
ஆணியடித்தாற்போல் நின்றுவிட்டேன்.

ஒன்றின் மேல் கொட்டை எழுத்து:
ஐந்நூற்று இருபத்தைந்து மடங்கு பெரிதாக்குமாம்.
சூப்புத் தட்டு அளவுக்குச் சனிக்கிரகம்,
வளையத்தில் இல்லாத நிறமில்லை.
கால்களோ நாரைக்கால்.
கடைக்காரப் பையன் எகோன்ஸ்
ஒரு விரலால் தொட்டுக் காட்டினான்.
குழாய் ஆடியது,
வாயிலிருந்த மிட்டாய் கரையும்வரை ஆடியது.
காற்று பிறந்த ஊர் என்று
பீற்றிக்கொள்ளும் ஊர் எங்களுடையது.

"பெரிதாக்குவதை விடுங்கள்.
வெளிச்சத்தை எவ்வளவு அள்ளுகிறது, அதைப் பாருங்கள்.
வாளிக்கு வாய்தானே முக்கியம்?"

அகன்ற வாளி அங்கேயே இருந்தது.
இருநூறு மில்லிமீட்டர் கண்ணாடி, இருபது கிலோ.
மனசு அதில் விழுந்து எழுந்திருக்க மறுத்தது.
மூன்றாவது, மேசைமேல் வைக்கிற குட்டி.
அதை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

என் வீடு ஐந்தாம் மாடி.
எண்பத்தாறு படி, லிஃப்ட் கிடையாது.
ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல்.
வானம் வேண்டுமென்றால் முற்றத்துக்கு இறங்க வேண்டும்.

சந்தைக்குப் போனேன்.
இருபது கிலோ உருளைக்கிழங்கு வாங்கினேன்.
இதுதான் தொலைநோக்கி என்று வைத்துக்கொண்டு
இரவு வேலை முடிந்ததும் கீழே இறக்கி,
முற்றத்தில் கால்மணி நேரம் அண்ணாந்து நின்று,
மேலே ஏற்றினேன்.

மூன்றாம் மாடியில் இடுப்பு பேசியது.
மறுநாள் திட்டியது.
தாலிவால்டிஸ் கதவைத் திறந்தார்.
"மிர்ட்ஸா, கிழங்கை எங்கே கூட்டிப்போகிறாய்?"
"நட்சத்திரம் பார்க்க."
கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

மூட்டையில் கைவைப்பதில்லை என்றுதான் இருந்தேன்.
ஆனால் ஹெர்ரிங் மீன் இருந்தது,
தயிர்க்கட்டி இருந்தது,
வேகவைத்த கிழங்கு இல்லாமல் அவை என்னத்துக்கு?
மழை பெய்த இரவில் கிழங்கு அப்பம்.
தங்கை மகள் வந்தாள், ஒரு பை கொடுத்தனுப்பினேன்.
தொலைநோக்கி நாளுக்கு நாள் இளைத்தது.

ஓர் இரவு,
படியில் எங்கேயும் நிற்கவில்லை என்பதை
முற்றத்துக்கு வந்தபிறகுதான் கவனித்தேன்.
மூச்சு என்னிடமே இருந்தது.
மேலே போய் எடை போட்டேன்.
ஏழு கிலோ.

"பெரியதைத்தானே கேட்டீர்கள்?" என்றான் எகோன்ஸ்,
குட்டியைக் கட்டிக்கொண்டே.
"அதைத் தின்றுவிட்டேன்," என்றேன்.

பனிக்காலத்து மணல்பெட்டியின் மூடிமேல் வைத்தேன்.
சூப்புத் தட்டெல்லாம் இல்லை.
எள்ளளவு.
அந்த எள்ளைச் சுற்றி, பொய் சொல்லவில்லை,
ஒரு கோடு.
பார்த்துக்கொண்டிருக்கையிலேயே
ஓரத்துக்குப் போய் மறைந்தது.
பிடித்து நடுவில் வைத்தேன், மறுபடி போனது.
அதற்கும் ஒரே பாதை போல.
திரும்பி மட்டும் வராது.

பெரிய கண்ணாடி இன்னும் கடை ஜன்னலில் நிற்கிறது.
அந்தத் திருப்பம் வரும்போதெல்லாம்
டிராம் மணியை ஒருமுறை அடிக்கிறேன்.
தண்டவாளத்தில் யாரும் இருப்பதில்லை.