அரைக்கிலோ மணல்

பெயரில்தான் பால்.
ராமகுப்பம் தாண்டினால் ஆறு வெறும் பாலை.

விடியுமுன் போக வேண்டும்.
சீமைக் கருவேலந் தூரில், உதிர்ந்த சருகுக்கடியில்
அவை ஏறி வந்திருக்கும்.
ஏழரைக்குள் இறங்கிவிடும்.
நானும் முனிலட்சுமியும்
தேக்கரண்டியால் தோண்டுவோம்.

சோதனைச்சாவடியில் ஓபுலேசு கேட்டார்:
"ஏமிட்டிதி?"
இசுக, என்றேன்.
அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது.
பையைப் பிரித்தார், முகர்ந்தார்,
பர்மிட் எங்கே என்றார்.
மணல் வேண்டாம் சார், உள்ளே இருக்கிற பூச்சிதான்.
"ஆருத்ர புருகா? மழையே லேதே!"
தம்பலப்பூச்சி இல்லை,
அதன் சித்தப்பன் பிள்ளைகள், என்றாள் முனிலட்சுமி.
எங்கே, காட்டு.
கண்ணுக்குத் தெரியாது.

அவர் முதுகுக்குப் பின்னால்
தார்ப்பாய் போர்த்திய லாரி ஒன்று
தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது.
ஆற்றில் இல்லாத தண்ணீர்
அதிலிருந்து சொட்டிக்கொண்டே போனது.

எங்களை ஒரு மணி நேரம் நிறுத்தினார்.

நாட்றம்பள்ளி அறையில் தகரப் புனல்,
மேலே நாற்பது வாட் பல்பு, அடியில் சாராயக் குப்பி.
மணல் மேலிருந்து காயும்.
காயக் காய அவை கீழே போகும்.
சூடா, இறங்கு.
இன்னும் சூடா, இன்னும் இறங்கு.
எத்தனையோ கோடிக் கோடைகளில்
பிசகாத புத்தி அது.
என் புனலில்தான் பிசகியது.

காலையில் லென்சுக்கடியில்
எட்டுக்கால் முளைத்த எள்முனைகள்.
வாலை மடித்து வயிற்றுக்கடியில் செருகிய துள்ளிகள்.
கிடுக்கி உண்டு, கொட்ட வால் இல்லை:
பொய்த்தேள் ஒன்று, உப்புக்கல்லில் பாதி.
மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.

முனிலட்சுமி நோட்டின் ஓரத்தில்
யாரும் கேட்காமல் பெருக்கினாள்.
லாரிக்குப் பத்து டன்.
நாற்பத்திரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
"குப்பம் தொகுதியிலயே இத்தன ஓட்டு இல்லக்கா."

இரண்டாம் பை புனலில் இருந்த ராத்திரி
கரண்ட் போனது,
பதினொன்றரையிலிருந்து விடிய விடிய.
குப்பியில் மூன்றே மூன்று.
மற்றவை பாதி வழியில்
மணல் ஆறுவதை அறிந்து
பொழுது சாய்ந்ததென்று நம்பி
திரும்ப மேலே வந்திருந்தன.
விளிம்பில் ஒன்று
மிகச் சாவகாசமாக
பூசணம் மேய்ந்துகொண்டிருந்தது.

மாதிரி கெட்டது என்று எழுதினேன்.
பல்பை மறுபடி போட்டிருக்கலாம்.
கரண்ட்தான் வந்துவிட்டதே.

மாலையில் அதே சாவடி, எதிர்த்திசை.
ஓபுலேசு பையைத் தட்டிப் பார்த்தார்.
"மள்ளி இசுகயா?"
எடுத்த இடத்தில் கொட்டப் போறோம் சார்.

மணல் திரும்பிப் போவதற்கு
அவர் பதிவேட்டில் கட்டம் இல்லை.
பேனாவைத் திறந்து
கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தார்.
பின்னால் லாரி ஹாரன் அடித்தது.