துண்டு போட்ட இடம்

சீனி யாரையும் கேட்டு உட்காருவதில்லை.
தரகர் வேண்டாம், நாள் பார்க்க வேண்டாம்.
ரத்தத்தில் மிதந்துபோகையில்
புரதத்தின் ஒரு கை காலியாகக் கிடந்தால்
பிடித்துக்கொள்ளும்.
முதல் சில மணி நேரம் விட்டுவிடவும் கூடும்.
வாரங்கள் போனால் விடாது.

பீடோர் கிளினிக்கின் பின்அறையில்
பன்னிரண்டு வருடமாய் அதைத்தான் எண்ணுகிறேன்,
நூற்றில் எத்தனை பிடிபட்டது என்று.
முந்தின இரவு பட்டினி கிடந்து வருகிறவர்கள்
விரல்நுனியை ஏமாற்றலாம்.
என் இயந்திரத்துக்கு
மூன்று மாதத்துக் கல்யாணமும் தெரியும், கருமாதியும் தெரியும்.

தவசீலன் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறார்.
இனிப்பு நீர் வந்து ஒன்பது வருடம்.
போன வாரம் பை நிறையக் கொய்யா இலையை
மேசையில் வைத்து,
"இதான் இப்ப எனக்கு. மாத்திரைய விட்டுட்டேன் மிஸ்ஸி" என்றார்.
நான் மிஸ்ஸி இல்லை, லேப்.
சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

சிரிக்க முடியவில்லை எனக்கு.
படிக்கிற காலத்தில் இதே சாலையோரத் தோட்டத்து இலையைத்தான்
காய்ச்சி எடுத்துப்போனேன்.
வெள்ளைக்கருவும் சீனியும் கலந்த இரண்டு குழாய்,
ஒன்றில் மட்டும் இலைச்சாறு,
உடம்புச் சூட்டில் நான்கு வாரம்.
இருட்டறையில் ஊதா விளக்கைக் காட்டியதும்
சாறு படாத குழாய் நீலமாய் எரிந்தது,
கொள்ளிவாய்ப் பேயைச் சொல்வார்களே, அப்படி.
மற்றது அணையப்போகும் அடுப்பு.

துவர்ப்புக்கு அப்படியொரு குணம்.
தாப்பா பஸ் நிற்கும் முன்பே
சன்னல் வழியாகத் துண்டு போடுகிற ஆள் மாதிரி
காலிக் கையில் முந்திக்கொண்டு
தன்னைப் போட்டுவைக்கும்.
இன்னொரு வகை இன்னும் சாமர்த்தியம்,
சீனி உடைந்து தெறிக்கும் சில்லுகளை
வழியிலேயே கட்டிப் பிடித்துவிடும்.

ஆனால் அது கண்ணாடிக் குழாய்.
அதற்கு வயிறு இல்லை, ஈரல் இல்லை.
விடிகாலை மூன்று மணிக்கு
ஆலை வாசலில் வரிசை நகராதபோது
தூக்கத்தை விரட்டும் தே தாரேக் இல்லை.

போன முறை ஒன்பது புள்ளி ஆறு.
இப்போது பத்து புள்ளி ஒன்பது.

"தினமும் குடிக்கிறீங்களா?"
"காலைல, ராத்திரி. தவறுனதே இல்ல."
"வெறும் தண்ணியாவா?"
"அது எப்படி மிஸ்ஸி, தொண்டையப் பிடிக்குதே.
ரெண்டு கரண்டி டின்பால் ஊத்துனா
சுகமா இறங்கிடும்."

என் வீட்டு அலமாரியில் மறந்துகிடந்த டின்பால் ஒன்று
போன வருடம் திறந்தபோது காப்பி நிறத்தில் இருந்தது.
புளிக்கவில்லை, நாறவில்லை.
சீனி உள்ளேயே இருந்துகொண்டு
பாலின் கைகளை ஒவ்வொன்றாய்ப் பிடித்திருக்கிறது.

மாத்திரை விஷயம் டாக்டர் நோர்ஹயாத்தி சொல்லவேண்டியது.
உடனே போய்ப் பாருங்கள் என்று உள்ளே அனுப்பினேன்.
டின்பாலை மட்டும் நானே சொன்னேன்.
லோரியை விற்கச் சொன்னதுபோலப் பார்த்தார்.
"அப்ப துவர்ப்பாவேயா?"

பையை விட்டுவிட்டுப் போய்விட்டார்.
மதியம் ஓர் இலையைக் கிள்ளி மென்றேன்.
நாக்கு சுருண்டது.
எச்சிலில் இருந்த புரதத்தின் மேல்
அதற்குள் துண்டு விழுந்துவிட்டது.

நான்கு மாதம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறேன்.
இன்று அவருக்குள் ஓடும் சிவப்பணுக்களில்
அநேகமாக எதுவும் அன்றைக்கு இருக்காது.
புதிதாக வருகிறவற்றுக்கு
டின்பாலைப் பற்றி
இன்னும் யாரும் சொல்லவில்லை.