எடை நிற்காதது

அனல்மின் நிலையத்தின் வெந்நீர்க் கால்வாய்
முகத்துவாரத்தில் சேரும் இடத்தில்
ஏழு பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.
இரவு மணி இரண்டரை.
நான் செம்புக் கம்பி அறுக்க வந்தவன்.
கையில் கட்டிங் பிளேயர்.
வயது பதினேழு முடிந்து நான்கு நாள்.

மின்கோபுரத்தின் காலடியில்
ஏழு ஜோடி இறக்கை கிடந்தது.
இறால் தோல்போல மெல்லிசு.
எண்ணூரில் சாம்பல் படியாத ஒரே பொருள்.
கடைசி ஜோடியைச் சுருட்டி
சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.
வயிற்றோரம் அது மூச்சு விட்டது.
என் பயம்தான் என்று நினைத்தேன்.

காயலான்கடை அந்தோணி தராசில் வைத்தார்.
முள் அசையவில்லை.
"எடையே நிக்கலயே தேசப்பா,
பிளாஸ்டிக் ரேட்டுதான் போடுவேன்."
நாற்பது ரூபாய்.
பீச் ஸ்டேஷன் வரை போய்
ஒரு தட்டு அத்தோ தின்றேன்.
பூண்டு கொஞ்சம் கருகியிருந்தது.
இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

ஆறு பேர் போய்விட்டார்கள்.
ஏழாமவள்
மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்னால்
தெர்மாகோல் பெட்டிகள் நடுவே ஒண்டியிருந்தாள்.
இரும்பு ஆகாது அவளுக்கு.
இரும்பு ஆகாதவள்
வடசென்னையில் எங்கே கால் வைப்பாள்?
தண்டவாளம், கண்டெய்னர், கிரேன்.
அடிபம்பின் கைப்பிடிகூட இரும்பு.
தண்ணீர் அடித்துத் தரச் சொல்லி
என்னைத்தான் கேட்டாள்.

அடித்துக் கொடுத்தேன். மறுநாளும்.
மூன்றாம் வாரம்
தண்டவாளம் தாண்ட
என் ரப்பர் செருப்பைக் கொடுத்தேன்.
அவள் சிரித்தால்
நமுத்துப்போன தீக்குச்சியும் பற்றும்.
சாம்பல் காற்றில் அவள் இருமினால்
என் விலாவுக்குள்
நாற்பது ரூபாய் சில்லறையாய்க் குலுங்கும்.

ஆடியில் கூழ் ஊற்றிய ஒரு ஞாயிறு
சொம்பும் கையுமாய் வரிசையில் நிற்கும்போது
வாயை மீறி வந்துவிட்டது.
"நான்தான் எடுத்தேன்."
அவள் அழவில்லை.
"எவ்ளோக்குப் போட்ட?"
சொன்னேன்.
"நாப்பதா" என்றாள்.
கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி,
மறுபடியும்,
"நாப்பதா."
அதோடு பேச்சு நின்றது.

அந்தோணி அதை மணலிக்கு ஏற்றியிருந்தார்.
மணலியில் உருக்கி இழையாக இழுத்திருந்தார்கள்.
இழை வலையாகி
காசிமேட்டில் ஏதோ ஒரு விசைப்படகில்
இருக்கிறது என்றார்கள்.
எத்தனை படகு!
பங்குனி வரை அலைந்தேன்.
ஒரு விடியலில், வார்ப்புப் பக்கம்,
ஒரு டிரைவர் கத்திக்கொண்டிருந்தார்:
"இன்னா வலைடா இது,
போட்டா முழுவவே மாட்டுது!"

பதினாலாயிரம் கேட்டார்.
ஐஸ் உடைத்தேன். பெட்டி தூக்கினேன்.
கட்டிங் பிளேயரையும் விற்றேன்.
அதற்கு எடை நின்றது.

பிறகு முடிச்சு முடிச்சாய்ப் பிரித்தேன்.
வலை பின்னத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இங்கே.
பிரிக்க உட்கார்ந்தவனைப் பார்த்து
சிரிக்காமல் யாரும் தாண்டவில்லை.
நைலான் எது அவள் எது என்று
விரலுக்குத் தெரிந்தது.
ஒன்று மட்டும் மூச்சு விட்டது.

ஒரு ராத்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
மறுமுனையை இழுத்து
தானும் பிரிக்க ஆரம்பித்தாள்.
மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை.
"வெளக்க இப்டி தள்ளி வை" என்றாள்.

தேறியது ஒற்றை இறக்கைதான்.
இன்னொன்று எந்த வாளியிலோ,
யார் வீட்டுச் சீப்பிலோ இருந்து
யார் தலையையோ வாரிக்கொண்டிருக்கும்.

தை பிறந்த அன்று கட்டிக்கொண்டு எழுந்தாள்.
சாய்ந்தாள், சரிந்தாள்,
புகைபோக்கியில் இடிக்கப் பார்த்துத் தப்பினாள்.
நான் கையசைக்கவில்லை.
கை வரவில்லை.

ஒற்றை இறக்கை நேராகப் போகாது என்று
அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
அது வட்டமடிக்கும்.
பழவேற்காட்டுப் பக்கம் போனவள்
திருவொற்றியூர் மேலாகத் திரும்பி வருகிறாள்,
ஏறக்குறைய இரண்டரைக்கு.
சில நாள் இறங்குவாள்.
சில நாள் பார்க்காததுபோல் போவாள்.

முகத்துவாரத்தில் நிற்பேன்,
பெல்ட் இல்லாமல், சில்லறை இல்லாமல்.
வீட்டைப் பூட்டுவதில்லை இப்போதெல்லாம்.
சாவி இரும்பு.