ஏழாவது துளை

வார்ப்பட்டையில் கடைக்காரன் போட்ட துளைகள் ஐந்து.
ஆறாவதை நான் போட்டேன், கவராயத்தின் முள்ளால்,
ரெதுய்யி வளாகத்து நூலகத்தில்,
புள்ளியியல் தேர்வுக்கு முந்தின இரவு.
ஏழாவது, தைப்பூசத்துக்கு.

அந்தப் பத்து நாளும் எனக்குத் திருவிழா.
வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேட வேண்டியதில்லை.
பட்டினிக்குக் கட்டிவிட்ட பட்டு வேட்டி
விரதம் என்கிற சொல்.
ரோஸ் ஹில்லிலிருந்து அத்தை தொலைபேசியில்
"இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இவ்வளவு பக்தியா" என்றாள்.
அம்மா அதை ஒலிபெருக்கியில் போட்டு
அப்பாவையும் கேட்க வைத்தாள்.
முருகா,
உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, அதுவாவது உண்மை.
கேட்டதெல்லாம் குளியலறைக் கண்ணாடியிடம்.

ஆற்றங்கரையில் சட்டையைக் கழற்றினோம்.
எல்லோரும் கண்ணை மூடி நிற்க
நான் இடுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வேலாயுதம் வீட்டுத் தனசீலனின் இடுப்பு.
வங்கி வேலைக்காரர் ஒருவரின் தொங்கும் வயிறு,
எத்தனை நிம்மதியாக மூச்சு வாங்குகிறது அது!
எனக்கு வந்தது பொறாமையா அருவருப்பா, தெரியவில்லை.

நாக்கில் சிறு வேல் ஏறியது.
இனி, சாப்பிட்டாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.
தார் ரோடு கொதித்தது.
கோர் தெ கார்த் மலைப்படியில்
கண் இருட்டிக்கொண்டு வந்தபோது
அருள் இறங்கிவிட்டது என்று யாரோ தண்ணீர் தெளித்தார்கள்.
தலைச்சுற்றல் என்று சொல்ல
நாக்கு என் வசம் இல்லை.
மேலே செம்பைத் திறந்தார்கள். பால் திரியவில்லை.
அரோகரா என்றது கூட்டம்.
பாலுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை உருவி விபூதி வைத்தார்கள். காயம் தெரியவில்லை.
இலையில் ஏழு கறி.
பூசணியும் பலாக்காயும் இடம் மாறி இடம் மாறி
சாப்பிட்டு முடித்தது போல் ஓர் இலையை
விரலால் வரைந்து முடித்தேன்.
மறக்காமல் என் பக்கமாக மடித்தேன்,
அந்தப் பக்கம் மடித்தால் சாவுச் சாப்பாடு என்பார்கள்.

அன்றோடு எல்லோருக்கும் விரதம் முடிந்தது.

மார்ச் மாதம். பொறியியல் கட்டடம், இரண்டாம் மாடிக் கழிப்பறை.
பக்கத்துத் தடுப்பில் யாரோ.
வெறுமனே ஓடும் தண்ணீருக்கு ஒரு சத்தம் உண்டு,
கை கழுவும் தண்ணீர் அப்படிப் பேசாது.
எனக்கு அந்த மொழி தெரியும்.
கதவு திறந்தது. ஜெரேமி.
உடற்பயிற்சிக் கூடத்தில்
பையன்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் தோள்கள்,
மேலே இரண்டு சிவந்த கண்.
கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.
பிறகு என் வார்ப்பட்டையை.
மிச்ச நுனி தொங்கிக்கொண்டிருந்தது, நாய் நாக்கு மாதிரி.
நீயுமா என்பதற்கு எங்கள் கிரியோலில் இரண்டே சொல்.
"த்வா ஓசி?"

நாக்கில் வேல் இல்லை.
இருந்தும் எவ்வளவு நேரம் ஆயிற்று
ஆமாம் என்று சொல்ல.

வாசலில் தால் பூரிக்காரர் ஜோடியாகத்தான் விற்பார்.
ஒரு ஜோடி வாங்கினான். ஒன்று எனக்கு.
காகிதத்தில் எண்ணெய் வட்டம் வட்டமாகப் பரவ,
இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு நின்றோம்.
ஒரு வாய் கடித்தான். மென்றான், மென்றான்,
தேர்வறையில் விடை கேட்பவன் போல் என்னைப் பார்த்தான்.
ஓரத்தைக் கிள்ளி நானும் வாயில் போட்டேன்.
சூடு. சீரகம். உப்பு கொஞ்சம் தூக்கல்.
பெரிய வெற்றி என்று யாரும் நினைக்க வேண்டாம்,
மீதி என் பையிலேயே கிடந்து
மறுநாள் எறும்பு மொய்த்தது.

நாளைக்கும் இதே நேரம் என்றான்.
சரி என்றேன்.

எட்டாவது துளைக்கு வைத்த மைப்புள்ளி
இன்னும் தோலில் இருக்கிறது.
குத்தவில்லை.
அழிக்கவும் இல்லை.