இது நீங்கள்தானா?

நவம்பர். ஆரே ஆற்றின் அக்கரை தெரியவில்லை.
ஒல்டன் நகரில், உறைபண்டக் கிடங்கின் மூன்றாம் மாடியில்
ஹெட்செட் மாட்டிக்கொண்டு
நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குப்
புதுப் பூட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

களவு நடந்து ஒன்பது நாள்.
கதவு உடையவில்லை, கண்ணாடி நொறுங்கவில்லை.
யாரோ ஒருவன், எங்கிருந்தோ, யாருடைய பெயரிலோ
வாசலாலேயே வந்து
சம்பளப் பட்டியலை, வீட்டு முகவரிகளை,
யார் எத்தனை நாள் மருத்துவ விடுப்பில் இருந்தார் என்பதை
அள்ளிக்கொண்டு போயிருக்கிறான்.

கடவுச்சொற்களின் பட்டியல் வெளியே கிடந்தது.
பார்த்திருக்கக் கூடாது, பார்த்தேன்.
நிர்வாகி சூட்டர் நான்கு வருடமாகப்
பருவத்தையும் ஆண்டையும் மட்டும் மாற்றி வந்திருக்கிறார்,
கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி.
பாரந்தூக்கி ஓட்டும் நூனோ, தன் கால்பந்துக் கழகத்தை.
கணக்குப் பிரிவில் ஏழு பேர்
ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணத் தெரியும் என்று நிரூபித்திருந்தார்கள்.
ஒருவர் மட்டும் தன் மேலாளரைத் திட்டியிருந்தார்,
சுத்தமான பேர்ன் வட்டார வழக்கில்,
பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு
எல்லா விதியையும் மதித்து.
வலுவானது அது ஒன்றுதான்.

என்னுடையதும் இருந்தது.
அதை இங்கே எழுதப் போவதில்லை.

மதியம் பொதிகட்டும் பிரிவிலிருந்து ஓர் அழைப்பு.
ஜெர்மனில் தொடங்கி, என் பெயர் கேட்டதும்
தமிழுக்குத் தாவிய குரல். சிவகௌரி.
"தங்கச்சி, பழையதைச் சொல்லட்டே?"
வேண்டாம் அக்கா, எனக்குக்கூடச் சொல்லக் கூடாது.
"அதுதான் களவு போட்டுதே, இனியென்ன.
என்ர அகதி வழக்கு இலக்கம்.
ஒன்பது வருசம் வந்த கடிதமெல்லாத்திலயும் என்ர பேருக்கு மேல நிண்டது.
பிறந்தநாள் மறந்தாலும் அது மறக்காது."

நான் விளக்கினேன்:
உங்களுக்குத் தெரிந்த ஒன்று, உங்கள் கையில் இருக்கும் ஒன்று,
சில இடங்களில் உங்கள் விரல், உங்கள் முகம்.
இனி ஒரு தரம் சொன்னால் போதாது.

மறுமுனையில் சிரிப்பு.
"இதைத்தானே பிள்ளை எனக்குச் செய்தவை.
முதல் கதை கேட்டினம். பிறகு அடையாள அட்டை.
பத்து விரலையும் கண்ணாடியில வைச்சனான்.
பதினாலு மாசம் கழிச்சுக் கூப்பிட்டு
அதே கதையைத் திருப்பிக் கேட்டினம்,
கிணறு வாசலுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ எண்டு.
முதல் தரம் இடம் எண்டனான். ரெண்டாந்தரம் வலம்.
உள்ள நிண்டு பாக்கிறதோ வெளிய நிண்டு பாக்கிறதோ
எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

கையேட்டில் இதற்குப் பதில் இல்லை.
செயலியை இறக்குங்கள் என்றேன். இறக்கினார்.
ஆறு இலக்கம் வரும், முப்பது நொடிதான் என்றேன்.
பதினொரு நொடியில் அடித்தார்.
சூட்டருக்கு நான்கு முயற்சி, இரண்டு காப்பி, ஒரு சாபம்.

ஞாயிறு இரவு, பத்தே முக்கால். அவசர எண்ணில் மீண்டும் அவர்.
"போன் கேக்குது, நான் உள்ள வரப் பாக்கிறனாம்.
இது நீங்கள்தானா எண்டு.
நான் இஞ்ச உடுப்பு மடிச்சுக்கொண்டிருக்கிறன்.
இல்லை எண்டதை அமத்தினனான்.
திரும்பக் கேட்டுது. திரும்ப இல்லை. அஞ்சு தரம்."

சரியாகச் செய்தீர்கள் என்றேன்.
கணக்கைப் பூட்டினேன். பதிவைத் திறந்தேன்.
ஏதோ ஒரு நாட்டைக் காட்டியது, பொய்யாக இருக்கும்.
புதுச் சொல்லாக என்ன வைத்தீர்கள் என்று கேட்கக் கூடாது,
கேட்கவில்லை. அவரே சொன்னார்:
"பழசுதான். பின்னால ஒரு சுழியம் சேர்த்தனான்."

ஆறிக்கொண்டிருந்தது என் தேநீர்.
"இருபது வருசம், பிள்ளை.
நான்தான், நான்தான் எண்டு சொல்லிச் சொல்லியே போச்சு.
நானில்லை எண்டு சொல்ல
இண்டைக்குத்தான் ஒரு பொத்தான் தந்திருக்கினம்."

காலையில் கூப்பிடுங்கள், வேறொன்று வைப்போம் என்றேன்.
"வைப்பம்," என்றார்.
வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.
"இலக்கம் வேண்டாம், என்ன. இந்த முறை இலக்கம் வேண்டாம்."